ஒற்றைப்படைக் கலைஞர்

இணையப் பக்கம் செய்து பிழைக்கிறவர்களில் இரண்டு இனம் உண்டு. முதல் இனம், நீங்கள் கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டாவது இனம், கலைஞர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். திரையின் முன்னால் உட்கார்ந்து வேலை செய்யமாட்டார். எழுந்து, இரண்டு மீட்டர் பின்னால் போய், ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி, ஓவியர்கள் தூரத்து மலையை அளப்பதுபோல அளப்பார். மலை காத்திருக்கும். திரை காத்திருக்காது, ஐந்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். இவர் வந்து சுட்டியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு மறுபடி பின்னால் போவார். இப்படி நடந்து நடந்தே ஒரு நாளைக்கு நான்கு கிலோமீட்டர் தேறும். உடம்புக்கு நல்லதுதான். பக்கத்துக்கு?

தன்யூப் ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் ரூசே நகரத்தில் இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் காலோயான். ஐம்பத்து நான்கு வயது. ஓவியக் கல்லூரியில் படித்தவர். படம் யாரும் வாங்காத காலத்தில் இணையத்துக்கு வந்தார், ஆனால் தூரிகையைக் கீழே வைக்காமலே வந்தார். அவரிடம் போன பல் மருத்துவர் கேட்டது மூன்று விஷயம்: முகவரி, போன் நம்பர், திறந்திருக்கும் நேரம். கிடைத்தது என்ன? திரை முழுக்கக் கருஞ்சிவப்பு. அது மெதுவாக விரிந்தது. விரிந்துகொண்டே இருந்தது. இரண்டு நிமிடம் கழித்து, தொலைவில், தனிமையில், ஒரே ஒரு பல்.

"போன் நம்பர் எங்க?" என்றார் மருத்துவர்.

"நம்பர் போட்டா தாளம் கெட்டுடும்."

"பல்லு வலிக்கிறவன் என்னை எப்படிக் கூப்பிடுவான்?"

"இது தகவல் இல்ல டாக்டர். அனுபவம்."

பூட்டு திறந்து கொடுக்கிற ஒருவருக்கும் செய்தார். பக்கத்தைத் திறந்தால் மூடிய கதவு ஒன்று வரும். அதில் சாவித்துவாரம் எங்கே இருக்கிறதென்று நீங்களே தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால்தான் பூட்டுக்காரரின் நம்பர். வீட்டுச் சாவியை உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, செருப்புக்காலோடு மாடிப்படியில் நிற்கிறவன், கையில் இருக்கிற போனிலும் ஒரு பூட்டிய கதவைப் பார்த்து என்ன நினைப்பான்? காலோயானைக் கேட்டால், "அவனோட மனநிலையைத்தான் காட்டியிருக்கேன்" என்பார்.

இந்த இனத்துக்குச் சில மந்திரங்கள் உண்டு. "பக்கம் மூச்சு விடணும்" என்பது முதலாவது. அதாவது உங்கள் கடையைப் பற்றி நீங்கள் எழுதிக் கொடுத்ததில் பாதியை எடுத்துவிட்டார் என்று பொருள். "கண்ணு அங்க போகாது" என்பது இரண்டாவது. மீதிப் பாதியும் போயிற்று. எழுத்தின் நிறம் எப்போதும் சாம்பல். பின்புலமும் சாம்பல். இரண்டு சாம்பலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று நீங்கள் சொன்னால், பரிதாபமாக உங்களைப் பார்ப்பார். குறை உங்கள் கண்ணில்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தார்: ஒற்றைப்படை. ஒரு படத்தில் பொருள்கள் மூன்று இருக்கலாம், ஐந்து இருக்கலாம், ஏழு இருக்கலாம். நான்கு இருந்தால் படம் செத்துவிடும். ரொட்டிக்கடைக்காரர் பனீத்ஸா என்கிற அடுக்குப் பலகாரத்தில் நான்கு வகை போட்டோ அனுப்பினால் பக்கத்தில் மூன்றுதான் வரும். கீரை வைத்ததைக் காணோம் என்று அவர் வாடிக்கையாளர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். "மனுஷனுக்குக் கண்ணு ரெண்டுதானே?" என்று ஒருவர் மடக்கப் பார்த்தார். "மூக்கைச் சேர்த்துப் பாருங்க" என்றார் காலோயான். நான்கு வருடப் படிப்பை அவர் ஐந்து வருடத்தில் முடித்ததற்கும் இந்தச் சட்டம்தான் காரணம் என்று அவருடைய அக்கா ஸ்தாங்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த ஸ்தாங்கா பிப்ரவரியில் இறந்துபோனாள்.

இருபத்தாறு வருடம் ரூசேயில் ட்ராலிபஸ் ஓட்டியவள். ஒரே மகள், தெமெனுகா. முப்பத்து நான்கு வயது. லிஃப்ட் எந்த மாடியில் முதலில் நிற்க வேண்டும் என்று கணக்குப் போடுகிற நிரல் எழுதுவது அவள் வேலை. எட்டு மாடியில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினாலும் பதறமாட்டாள். வார்த்தையைச் சிக்கனமாகச் செலவழிப்பாள். தன் அம்மா இறந்ததை மருத்துவமனைப் படிவத்தில் எழுதினாள். நகராட்சிப் படிவத்தில் எழுதினாள். மின்சாரக் கணக்கை மாற்றும் படிவத்தில் எழுதினாள். வாயால் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை வராமல் பார்த்துக்கொண்டாள். குடியிருப்பு வாசலில் கறுப்புக் கட்டம் போட்ட மரண அறிவிப்புக் காகிதம் ஒட்டியாயிற்று. ட்ராலி நிறுத்தங்களில் ஒட்டியாயிற்று. பார்த்தவர்கள் பார்த்தார்கள். மீதிப் பேருக்குக் கீழ்வீட்டு வினெத்கா அத்தை சொல்லிவிட்டாள்; அந்த அத்தைக்கு அது சிரமமான வேலை இல்லை.

ஆனால் எங்கள் ஊரில் பாதிப் பேர் ஊரில் இல்லை. வலென்சியாவில் இருக்கிறார்கள், ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறார்கள், சிகாகோவில் லாரி ஓட்டுகிறார்கள். வாசலில் ஒட்டிய காகிதம் வலென்சியாவிலிருந்து தெரியாது. ஸ்தாங்காவுக்கு முகநூலும் கிடையாது. நாற்பதாம் நாள் மார்ச்சில் ஒரு சனிக்கிழமை வருகிறது. கல்லறையில் கோதுமையும் ஒயினும், பிறகு சாப்பாடு. அம்மாவின் வண்டியில் வருடக்கணக்காக வேலைக்குப் போனவர்கள், அம்மா வைத்திருந்த போனில் பெயர் உள்ளவர்கள், அவர்களுக்கெல்லாம் தெரிய வேண்டும். வர முடிந்தவர்கள் வர வேண்டும். தெமெனுகாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். கூடவே, யாரும் தனக்குப் போன் செய்து கேட்கக் கூடாது.

அதற்கு ஒரு பக்கம் போதும். இருபது நிமிடத்தில் செய்தாள். வெள்ளைப் பின்புலம், கறுப்புக் கட்டம், எட்டு வரி. பெயர், பிறந்த வருடம், இறந்த தேதி, நாற்பதாம் நாள் என்ற தலைப்பு, கிழமை, மணி, கல்லறையில் எந்த வாசல், சாப்பாடு எங்கே. எல்லாக் கருவியிலும் திறந்து பார்த்தாள். திறந்தது.

மாமா காலோயான் வந்தார். அவரும் திறந்து பார்த்தார். இரண்டு மீட்டர் பின்னால் போனார்; சமையலறை சிறியது என்பதால் குளிர்பெட்டியில் முதுகு இடித்தது.

"இது பக்கம் இல்ல தெமி. படிவம்."

"படிவம்தான் மாமா. விவரம் எல்லாம் இருக்கு."

"எட்டு வரி!"

"எட்டும் வேணும்."

"எங்க அக்காவை ஒரு படிவத்துல அடைச்சு அனுப்பப் போறியா?"

அவள் அம்மாவை அவள் ஏற்கெனவே மூன்று படிவத்தில் அடைத்து அனுப்பியிருந்தாள். கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "சனிக்கிழமைக்கு ஒரு வாரம் முன்னாடி எனக்கு வேணும்" என்றாள்.

கலைஞர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்க முடியாது, ஏனென்றால் அது வெளியே எங்கேயோ நடக்கும். முதல் இரண்டு நாள் தன்யூப் கரையில் மூடுபனியைப் படம் பிடித்தார். அப்புறம் ட்ராலி பணிமனைக்குப் போய், பழைய வண்டியின் பச்சை வண்ணத்தைச் சுரண்டி ஒரு காகிதத்தில் மடித்து எடுத்து வந்தார்; காவலாளி துரத்தினான். குடும்பத்தில் இருந்த இருநூறு போட்டோவையும் வாங்கிக்கொண்டு போய், ஒன்றும் சரியில்லை என்று இருநூறையும் திருப்பிக் கொடுத்தார். எழுத்துருக்களில் நானூறைத் தள்ளுபடி செய்தார். ஒன்றில் 'அ' வுக்கு நிகரான எழுத்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறதாம், இன்னொன்று வங்கியில் வேலை பார்ப்பதுபோல இருக்கிறதாம்.

தெமெனுகா தினமும் ஒரு செய்தி அனுப்பினாள்: "தேதி, நேரம், இடம் போட்டாச்சா?"

பதிலாக ஒரு மூடுபனிப் படம் வந்தது.

"இது பதிலா மாமா?"

"இது திசை."

பதினோராம் நாள், "முடிஞ்சுது. அனுப்பு" என்று வந்தது. அம்மாவின் போனில் இருந்த நூற்று எண்பத்திரண்டு பெயரையும் தெமெனுகா முன்பே பட்டியலாக எடுத்து வைத்திருந்தாள். எண்ணிக்கையைக் கேட்டதும் மாமா தன் பெயரையும் அதில் சேர்க்கச் சொன்னார். நூற்று எண்பத்து மூன்று ஆயிற்று. செய்தி வாசகமும் அவரே கொடுத்தார்: 'ஸ்தாங்காவுக்காக வாருங்கள். சனிக்கிழமை.' கீழே பக்கத்தின் முகவரி. தெமெனுகா தன் எண்ணிலிருந்து அனைவருக்கும் அனுப்பினாள்.

ஒரு வரி நிரலை மூன்று முறை சோதிக்காமல் வெளியே விடாத அந்தப் பெண், பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. நேரமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை அது. வேறு வேலை ஒன்றும் இருக்கவில்லை.

இருபது நிமிடத்தில் வலென்சியா கூப்பிட்டது.

"தெமீ! நான்தான், காலை ஆறு மணி வண்டியில தைக்கிற கம்பெனிக்குப் போவேனே, ஞாபகம் இருக்கா? பாத்தேன், பாத்தேன்! என்ன அழகுடி! அஞ்சு கார்னேஷன்! உங்க அம்மாவுக்குப் பொறந்த நாளா? எழுபது ஆயிடுச்சா? இன்னும் ஆகலையே! எத்தனை மணிக்கு விருந்து? அந்தப் பூவைத் தொட்டுத் தொட்டு என் விரல் தேஞ்சுபோச்சு, ஒண்ணும் வரமாட்டேங்குது. குடு, குடு, அவகிட்ட போனைக் குடு!"

"லைன் சரியில்ல" என்றாள் தெமெனுகா. துண்டித்தாள்.

அப்புறம்தான் பக்கத்தைத் திறந்தாள்.

வெண்ணெய் நிறம். இரண்டு மெல்லிய கோடுகள் இடமிருந்து வலமாக மெதுவாக நீண்டன, ட்ராலியின் மின்கம்பிகள். பழைய வண்டியின் பச்சை, ஓரத்தில் ஒரு கீற்று. நடுவில் சிவப்புக் கார்னேஷன்கள், கையால் வரைந்தவை. இதழில் ஈரம் தெரிந்தது. மேலே 'ஸ்தாங்கா' என்று ஒரு பெயர், இரண்டு சாம்பலில் கொஞ்சம் அடர்த்தியான சாம்பலில். அதன் கீழே 1957. பக்கத்தில் ஒரு சிறு கோடு. கோட்டுக்குப் பிறகு ஒன்றுமில்லை. நாற்பதாம் நாள் என்ற சொல் இல்லை. மணி, இடம் எல்லாம் மூன்றாவது பூவை ஏழு விநாடி விடாமல் அழுத்திப் பிடித்தால் வரும்.

பூக்கள் ஐந்து.

எங்கள் ஊரில் பூக்கடைக்காரி உங்கள் முகத்தைப் பார்த்தே எண்ணுவாள். கல்யாணமா, பிறந்த நாளா, ஆசிரியைக்கா? மூன்று, ஐந்து, ஏழு. கல்லறைக்கா? இரண்டு, நான்கு, ஆறு. பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்குக்கூட இது தெரியும். நூற்று எண்பத்திரண்டு பேருக்கும் தெரியும். ஐந்து பூவைப் பார்த்து அவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்?

மத்தியானத்துக்குள் ஒன்பது அழைப்பு. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒருவர் முழுப் பிறந்த நாள் பாட்டையும் பாடி முடித்தார். தெமெனுகா ஒன்பது முறையும் லைன் சரியில்லை என்றாள். பத்தாவது, போன் இல்லை, கதவு. வினெத்கா அத்தை, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, போனை ஒரு செத்த மீனைப் பிடிப்பதுபோல இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி, என்னடி இது?"

"மாமா செஞ்சது அத்தை."

"செத்தவளுக்கு அஞ்சு பூவா? உன் மாமனுக்கு எண்ணத் தெரியாதா? என் தங்கச்சி மகன் ஸ்பெயின்லேர்ந்து கூப்பிட்டு, ஸ்தாங்கா அத்தைக்கு என்ன பரிசு வாங்கட்டும்ங்கறான். நான் என்ன சொல்லட்டும்? ரொட்டி வாட்டற மிஷின் வாங்குன்னு சொல்லட்டுமா?"

"நீங்களே சொல்லிடுங்க அத்தை. எல்லாருக்கும் நீங்களே சொல்லிடுங்க."

"என்னையாடி கூப்பிடறாங்க?" அத்தை கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "உன்னைத்தானே கூப்பிடறாங்க. எத்தனை பேருக்குச் சொன்னே?"

தெமெனுகா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனாள்.

காலோயான் திரைக்கு இரண்டு மீட்டர் தள்ளி நின்றிருந்தார். "பாத்தியா?" என்றார். "மூச்சு விடுது."

"மாமா, எல்லாரும் பொறந்த நாள்னு நினைக்கிறாங்க."

"எல்லாரும்னா?"

"இதுவரைக்கும் ஒம்பது பேர். ஒருத்தர் பாட்டுப் பாடினார்."

"உணர்ச்சி போய்ச் சேர்ந்திருக்கு."

"எந்த உணர்ச்சி? பூ அஞ்சு இருக்கு மாமா!"

"கம்போசிஷன்ல நாலு நிக்காது தெமி. ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சிடும். கண்ணு நடுவுல ஒரு ஓட்டையைப் பார்க்கும். இது ஒண்ணும் நான் கண்டுபிடிச்ச சட்டம் இல்ல."

"சாவுக்கு ரெட்டைப்படை. அதுவும் நீங்க கண்டுபிடிச்சது இல்ல. மணி எங்க? இடம் எங்க? தேதி எங்க மாமா? அம்மா செத்த தேதி எங்க?"

காலோயான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த இனம் பதில் இல்லாதபோது வெளிச்சத்தைக் கவனிக்கும்.

தெமெனுகா அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோப்புகளைத் திறந்தாள். கலைஞர்களின் கோப்புப் பெயர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'கடைசி.' 'கடைசி புதுசு.' 'நிஜமாவே கடைசி.' 'கடைசி தொடாதே.' கீழே போய்க்கொண்டே இருந்தாள். அடியில் 'ஸ்தாங்கா 1' என்று ஒன்று இருந்தது. பிறகு வந்த நாற்பது கோப்புக்கும் முன்னால், முதல் நாள் காலையிலேயே செய்தது.

திறந்தாள். கறுப்பு எழுத்து. தெளிவான எழுத்து. பெயர், வருடம், இறந்த தேதி, நாற்பதாம் நாள், கிழமை, மணி, வாசல், சாப்பாடு. அவளுடைய எட்டு வரியும் எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ அந்த இடத்தில் இருந்தன. போனில் பார்த்தாலும் சரியாக வந்தது. கீழே கார்னேஷன்கள். எண்ணினாள். நான்கு.

"மாமா. இதுல எல்லாம் சரியா இருக்கே."

"இருக்கு."

"அப்புறம் ஏன்?"

"எல்லாம் சரியா இருந்துச்சு. அதான்." அவர் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்தார். "மொதல்ல நாலுதான் வரைஞ்சேன். வரைஞ்சு முடிச்சுட்டு எண்ணிப் பாத்தேன். நாலு. உட்கார முடியல. எழுந்து பின்னால போனேன், அங்கேர்ந்தும் நாலுதான். இன்னொண்ணு வரைஞ்சேன்."

குழாயில் எங்கோ தண்ணீர் ஓடியது. தெமெனுகா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேதியையும் அப்படித்தான் எடுத்தேன்" என்றார். மூக்கைச் சிந்திக்கொண்டு, "கம்போசிஷனும் அதைத்தான் கேட்டுது" என்றார்.

கலைஞரிடமிருந்து இதற்கு மேல் வாக்குமூலம் வாங்க முடியாது. முயற்சி செய்யாதீர்கள்.

அவள் வேலையை ஆரம்பித்தாள். எட்டு வரியையும் கறுப்பில் போட்டாள். பெரிதாகப் போட்டாள். ரூசேயில் அவரிடம் பக்கம் செய்துகொண்ட அத்தனை பேரின் ஆசையும் அன்றைக்கு அந்த ஒரு பக்கத்தில் நிறைவேறியது. மின்கம்பிகளையும் பச்சைக் கீற்றையும் அப்படியே விட்டாள். அவை நன்றாக இருந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கோட்டுக்குப் பின்னால் தேதியை அவளே அடித்தாள். மாமா அந்தச் சமயம் சமையலறைக்குக் காப்பி போடப் போயிருந்தார்.

மிஞ்சியது ஐந்தாவது பூ. எடுப்பது ஒரு வரி வேலை. அந்த வரியைத் தேர்ந்தெடுத்தாள். நீலமாயிற்று. விரல் பொத்தானின் மேல் இருந்தது. காப்பி கொதித்து வழிந்து, திட்டுச் சத்தம் கேட்டு, அடுப்பு துடைக்கப்பட்டு, மறுபடி காப்பி வைக்கப்பட்டது. வரி நீலமாகவே இருந்தது.

தெமெனுகா வேலை செய்கிற இடத்தில் ஒரு பழக்கம். எதை மாற்றினாலும், ஏன் மாற்றினோம் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். எழுதினாள். 'விவரங்கள் சேர்க்கப்பட்டன. எழுத்தின் நிறம் திருத்தப்பட்டது. பூக்களின் எண்ணிக்கை: மாற்றம் இல்லை. காரணம்: நான்கு பூக்களுடன் சோதிக்கப்படவில்லை.'

பொறியாளர்களும் கம்போசிஷன் வைத்திருப்பார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் சோதனை.

பக்கத்தை மறுபடி எல்லோருக்கும் அனுப்பினாள். அது போதாது என்று அவளுக்கே தெரிந்தது. பாட்டுப் பாடியவர் மறுபடி திறந்து பார்ப்பாரா? ரொட்டி வாட்டும் மிஷின் வாங்கப் போனவன்? மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலென்சியாவைக் கூப்பிட்டாள்.

"லைன் இப்ப சரியாயிடுச்சா?" என்றாள் அந்தப் பெண், சிரித்துக்கொண்டே.

"ஆயிடுச்சு அக்கா. அக்கா, அது..." நிறுத்தினாள். மறுமுனையில் ஏதோ வாணலியில் பொரிகிற சத்தம். "அது பொறந்த நாள் இல்ல. எங்க அம்மா... நாற்பதாம் நாள் அக்கா. அம்மா செத்துட்டாங்க."

சொல்லிவிட்டாள். நாற்பது விநாடி ஆயிற்று; போனில் நேரம் ஓடுவது தெரிந்தது. அந்தப் பக்கம் அடுப்பு அணைக்கப்பட்டது.

"எப்போடி?" என்று கேட்டது குரல். அப்புறம் அழுகை. அப்புறம், அழுகைக்கு நடுவிலேயே, "உங்க அம்மா மாதிரி ஒரு வாய்த்துடுக்குக்காரியை நான் பார்த்ததே இல்ல. பனி பெஞ்ச ஒரு நாள், நான் மூச்சிரைக்க ஓடி வர்றேன். வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு, உள்ள இருக்கிற அத்தனை பேர் முன்னாலயும், 'மெதுவா வாங்க மகாராணி, கம்பளம் விரிக்கச் சொல்லியிருக்கேன், இன்னும் வரல'ன்னா. தினமும் எனக்காக ரெண்டு நிமிஷம் நிப்பாட்டுவா. தினமும் திட்டுவா."

தெமெனுகாவுக்கு இது தெரியாது. வீட்டுக்கு வந்தால் அம்மா பேசவே மாட்டாள். காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போவாள்.

"இன்னும் சொல்லுங்க அக்கா" என்றாள்.

சாயங்காலத்துக்குள் பத்தொன்பது பேரிடம் சொன்னாள். முதல் முறை நாற்பது விநாடி ஆனது, கடைசி முறை நான்கு. வேகம் கூடியது. எடை குறையவில்லை. மாமா ஒவ்வொரு அழைப்புக்கும் நடுவில் காப்பியை நிரப்பினார். பத்தொன்பதாவது முடிந்ததும், "இதுதான் நான் நினைச்சது" என்றார். "ஜனங்க சும்மா படிச்சிட்டுப் போகக் கூடாது. பக்கத்தோட பேசணும்."

"அவங்க என்கூடப் பேசினாங்க மாமா."

"அதுவும் டிசைன்தான்."

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கல்லறை வாசலில் எழுபது பேருக்கு மேல் நின்றார்கள். தைக்கிற கம்பெனிக்காரி வலென்சியாவிலிருந்து புக்கரெஸ்ட்டுக்குப் பறந்து வந்து, ஆற்றுப் பாலத்தைப் பஸ்ஸில் தாண்டி, பெட்டியோடு நேரே வந்திருந்தாள். பணிமனைக் காவலாளி வந்திருந்தான். காலோயானைப் பார்த்து முறைத்தான். எல்லோர் கையிலும் கார்னேஷன். குழப்பம் அங்கேதான். வாசல் காகிதத்தைப் பார்த்தவர்கள் நான்கு கொண்டுவந்தார்கள். பக்கத்தைப் பார்த்தவர்களில் பாதிப் பேர், வீட்டார் விருப்பம் போலிருக்கிறது என்று ஐந்து கொண்டுவந்தார்கள்.

வினெத்கா அத்தை சுங்கச்சாவடி போட்டுவிட்டாள். வாசலில் குறுக்கே நின்று ஒவ்வொரு கொத்தாக எண்ணினாள்.

"அஞ்சா? ஒண்ணைக் குடு."

"பக்கத்துல அஞ்சு போட்டிருந்துச்சே அத்தை..."

"பக்கத்துல போடுவான், அவன் கலைஞன். நீ என்ன கலைஞனா? குடு. அடுத்தது."

வேகவைத்த கோதுமை கைக்குக் கை போயிற்று. மேலே சர்க்கரைப் பொடி, வால்நட். மெழுகுவர்த்தி காற்றில் அணைந்தது, ஏற்றினார்கள், அணைந்தது. தெமெனுகா ஒயினை மண்ணில் ஊற்றினாள். ஒவ்வொருவரும் வந்து, ஸ்தாங்கா தங்களை என்ன சொல்லித் திட்டினாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கூட்டத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காலோயான் இரண்டு மீட்டர் பின்னால் நின்று, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி, அக்காவின் மேட்டை அளந்தார். "இடது பக்கம் கனமா இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு, குனிந்து ஒரு கொத்தை நகர்த்தி வைத்தார். நகர்த்திய பிறகு நன்றாகத்தான் இருந்தது. கை கொஞ்ச நேரம் அந்தக் கொத்தின் மேலேயே இருந்தது.

கூட்டம் சாப்பாட்டுக்குக் கிளம்பியதும் வினெத்கா அத்தை வாசலிலிருந்து வந்தாள், பறிமுதல் செய்த பூக்களை மார்போடு அணைத்துக்கொண்டு.

"இருபத்து மூணு" என்றாள். "ரெண்டு தரம் எண்ணிட்டேன்."

"அங்கேயே வெச்சிடுங்க அத்தை."

"வைக்கக் கூடாது. இது ஒத்தைப்படை, உசிரோட இருக்கிறவங்களுக்கு." தெமெனுகாவின் இரண்டு கையையும் விரித்துப் பிடித்து, அத்தனையையும் அதில் திணித்தாள். "இது உன்னோடது. வீட்டுக்குக் கொண்டு போயித் தண்ணியில போடு. வாடறதுக்குள்ள முகத்தைக் கழுவிக்கிட்டு வெளிய வா."

தெமெனுகா பூக்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கனமாக இருந்தன. நாற்பது நாளில் முதல் தடவையாக அழுதாள். மூக்கைத் துடைக்கக் கை இல்லாததால் மாமா தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். துடைத்துக்கொண்டே தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"இருபத்து மூணு," என்றார். "நல்லா நிக்குது."

இவ்வளவு நேரம் இந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தீர்கள். தப்பில்லை, அவருக்கும் பழக்கம்தான். போவதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இன்னும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது என்று நீங்கள் எங்கேயோ மூடி வைத்திருக்கிறீர்களே, ஒரு கடிதம், ஒரு அறிவிப்பு, கல்லில் வெட்டக் கொடுக்க வேண்டிய இரண்டு வரி. ஓரம் சரியில்லை என்றீர்கள். எழுத்து பிடிக்கவில்லை என்றீர்கள். நல்ல போட்டோ கிடைக்கட்டும் என்றீர்கள். அது வேறு, நான் அந்த இனமில்லை என்கிறீர்களா? சரி. அப்படியானால் இப்போதே எடுத்து, விட்டுப்போன அந்த ஒரு தேதியை மட்டும் எழுதிவிடுங்கள்.

என்ன, கண்ணு அங்க போகலையா?